தாவீதின் சிங்காசனம் ஏன் காலியானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் ராஜாக்களின் புத்தகம் முடியும் வாரத்தில் எப்போதும் ஒரு கனத்த அமைதி வரும். எருசலேம் எரிந்துவிட்டது, ராஜாவின் கண்கள் பிடுங்கப்பட்டுவிட்டன, வம்சத்தில் மிஞ்சியவர் பாபிலோன் சிறையில் இருக்கிறார். "என்றென்றைக்கும்" என்று தாவீதுக்குச் சொன்ன வாக்கு என்னவாயிற்று என்று யாராவது மெல்லக் கேட்பார்கள். அதிலிருந்து மற்றக் கேள்விகளும் கிளம்பும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். திருவிவிலியம் படிக்கும் கத்தோலிக்க நண்பர்களுக்குச் சில பெயர்கள் சற்று வேறாகத் தெரியலாம்.

யோயாக்கீம், யோயாக்கீன், எகொனியா, கோனியா: இவர்கள் எத்தனை பேர்?

இரண்டே பேர். யோயாக்கீம் தகப்பன், யோயாக்கீன் மகன். மகனுக்கே எகொனியா என்றும் கோனியா என்றும் பெயர். ஓர் எழுத்து மாறினால் கதையே மாறிவிடும், நிதானமாகப் படியுங்கள். தகப்பன் யோசியாவின் மகன், கி.மு. 609 முதல் 598 வரை ஆண்டவர். மகன் மூன்று மாதமே ஆண்டு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர். அவருக்குப் பின் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அரியணையில் ஏற்றியது அவருடைய சிறிய தகப்பனான மத்தனியாவை. அவருக்குச் சிதேக்கியா என்று பெயர் மாற்றியதும் நேபுகாத்நேச்சார்தான். அவரே கடைசி ராஜா.

அரசாட்சி எந்த ஆண்டில் முடிந்தது?

இரண்டு முறை முடிந்தது. சாலொமோனுக்குப் பின், கி.மு. 930 வாக்கில் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. வடக்கில் ஒரு வம்சம் நிலைக்கவில்லை. தளபதி ராஜாவைக் கொன்று ராஜாவாவான், அவனை இன்னொருவன் கொல்லுவான். சிம்ரி ஆண்டது ஏழே நாள். கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. கடைசி ராஜா ஓசெயா அதற்கு முன்பே சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 27,290 பேரைச் சிறைகொண்டு போனதாக அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டில் பெருமையடித்துக்கொள்கிறார். அந்த அரியணை பிறகு எழும்பவே இல்லை.

யூதாவின் கதை வேறு. அத்தாலியாள் என்ற ராணி ஆறு ஆண்டுகள் ஆண்ட இடைவெளியைத் தவிர, தாவீதின் ஒரே வம்சம் ஏறத்தாழ 400 ஆண்டுகள் தொடர்ந்தது. அதன் முடிவு கி.மு. 587 என்று சிலரும் 586 என்று சிலரும் கணக்கிடுகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தை எந்த மாதத்தில் வைத்து எண்ணுவது என்பதில் வரும் வேறுபாடு அது.

தேவன் ராஜாவை விரும்பவே இல்லை, ஜனங்கள்தான் கேட்டார்கள் என்கிறார்களே?

1 சாமுவேல் 8ஐ மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். "அவன் உங்கள் குமாரரை எடுப்பான், உங்கள் வயல்களை எடுப்பான், தசமபாகம் எடுப்பான்" என்று சாமுவேல் பட்டியல் போடுகிறார். அந்த அதிகாரத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். "எடுப்பான்" என்கிற சொல் சம்மட்டி அடிபோல விழும்.

ஆனால் உபாகமம் 17 ராஜாவுக்கு இடம் கொடுக்கிறது. கூடவே கடிவாளமும் போடுகிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியையும் பொன்னையும் பெருக்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதிவைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக் கூடாது. சாலொமோன் இதில் மூன்றையும் பெருக்கினார். அவருடைய கப்பல்கள் கொண்டுவந்த சரக்கில் மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல் "துக்கி". அதை நம் "தோகை"யோடு மொழியறிஞர் பலர் இணைக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் எல்லார் முகமும் மலரும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மயில்கள் வந்து இறங்கிய அரண்மனை, ஜனங்களின் முதுகில் வைத்த சுமையால் எழும்பியது. சாலொமோன் இறந்ததும் வடக்கத்தியர் கேட்ட முதல் காரியமே "உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும்" என்பதுதான். அவருடைய மகன் ரெகொபெயாம் மறுத்தான், நாடு உடைந்தது.

நாத்தான் தீர்க்கதரிசி மூலம் தாவீதுக்கு "என்றென்றைக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஏன் எடுத்துப்போட்டார்?

இதற்கு வேதமே ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. 2 சாமுவேல் 7இல் நிபந்தனை இல்லை. தாவீதின் குமாரன் தப்பு செய்தால் மனுஷருடைய மிலாற்றினால் தண்டிப்பேன், ஆனால் என் கிருபையை விலக்க மாட்டேன் என்கிறது. சங்கீதம் 132 அதே வாக்கைச் சொல்லும்போது "உன் குமாரர் என் உடன்படிக்கையைக் காத்து நடந்தால்" என்று ஒரு "ஆல்" சேர்க்கிறது. சங்கீதம் 89 முதல் பாதியில் வாக்கைப் பாடிக் கொண்டாடுகிறது, பிற்பாதியில் தேவனையே நேருக்கு நேர் கேட்கிறது: அவன் கிரீடத்தைத் தரையிலே தள்ளினீரே, நீர் ஆணையிட்ட கிருபைகள் எங்கே?

இந்த முரண்பாட்டைச் சமாளித்து மூடிவிட எனக்கு மனமில்லை. தேவாலயப் பாட்டுப்புத்தகத்திலேயே இந்தக் கேள்வியை வைத்துப் பாடிய ஜனம் அது. நாம் மட்டும் ஏன் அதை மறைக்க வேண்டும்? தீர்க்கதரிசிகள் அந்த வாக்கை மறந்துவிட்டு ராஜாக்களைத் திட்டவில்லை. அதை மிகவும் பெரிதாக எண்ணியதால்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. தாவீதின் சிங்காசனம் ஏழைக்கு நியாயம் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அளவுகோல். அதை அவர்கள் எங்கே எப்படிச் சொன்னார்கள் என்று அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

சிலைவணக்கம்தானே காரணம்? வேறு என்ன?

சிலைவணக்கம் பெரிய காரணம், ராஜாக்களின் புத்தகம் அதைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. எரேமியா 22க்கும் 34க்கும் யாரும் போவதில்லை. என் ஆதங்கமே அதுதான், ஆகவே இந்தப் பதில் நீளும்.

எரேமியா 22இல் யோயாக்கீம் அரண்மனை கட்டுகிறான். விசாலமான மேலறைகள், பலகணிகள், கேதுருப் பலகை, ஜாதிலிங்க வர்ணப் பூச்சு. பார்வோன் நேகோவுக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வெள்ளியும் பொன்னும் தண்டல் செய்துகொண்டிருந்த அதே ராஜா இவன். அந்த வீட்டைக் கட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவனை அவனுடைய தகப்பன் யோசியாவோடு ஒப்பிடுகிறார். யோசியா சாப்பிட்டுக் குடித்து நன்றாகத்தான் வாழ்ந்தான், ஆனால் சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் சொல்லுகிறார். தேவனை அறிவது என்றால் என்ன என்று வேதத்தில் இவ்வளவு நேராகச் சொன்ன இடம் குறைவு. யோயாக்கீம் என்ன செய்தான்? எரேமியாவின் சுருளைக் குளிர்கால அரண்மனையில், எதிரே கணப்பு எரிய, சூரிக்கத்தியால் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா தன் எழுத்தர் பாருக்கிடம் மறுபடியும் சொல்லி எழுதவைத்தார், முன்னைவிட நீளமாக.

34ஆம் அதிகாரம் அதைவிடக் கொடியது. பாபிலோன் சேனை நகரத்தைச் சூழ்ந்து நிற்கிறது. பயம் வந்ததும் சிதேக்கியாவும் பிரபுக்களும் உடன்படிக்கை செய்து எபிரெய அடிமைகளை, ஆணையும் பெண்ணையும், விடுதலை செய்கிறார்கள். ஏழாம் வருஷத்தில் விடுவிக்க வேண்டும் என்பது பழைய சட்டம், அதுவரை யாரும் அதை மதிக்கவில்லை. பிறகு எகிப்தின் சேனை வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்திப் போனார்கள். ஆபத்து நீங்கியது என்று நினைத்ததும் இவர்கள் விடுவித்த அதே மனிதரைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள்.

எரேமியா சொன்ன தீர்ப்பு: உன் சகோதரனுக்கு நீ விடுதலை கூறவில்லை, இதோ, நான் உனக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும். போன சேனை திரும்பி வரும் என்றார். வந்தது.

ஒரு வாரம் விடுதலையோடு நடமாடிவிட்டு மறுபடி அரைக்கிற கல்லுக்குத் திரும்பிய ஒரு வேலைக்காரியை நினைத்துப் பாருங்கள். அவளுக்குத் தாவீதின் சிங்காசனம் இருந்தால் என்ன, விழுந்தால் என்ன?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் ராஜாவின் கோலுக்குச் "செங்கோல்" என்ற சொல்லை எடுத்தார்கள். செம்மையான, வளையாத கோல். வளைந்தால் தமிழில் அதற்குப் பெயரே வேறு. யூதாவின் கோல் பாபிலோன் வருவதற்கு முன்பே வளைந்துவிட்டது என்பதுதான் எரேமியா சொன்னது.

சிதேக்கியா பாபிலோனுக்குப் போவான் என்று எரேமியாவும், அதைக் காணமாட்டான் என்று எசேக்கியேலும் சொன்னார்கள். எது சரி?

இரண்டும் நடந்தது. பாபிலோன் ராஜாவைக் கண்ணுக்குக் கண் பார்ப்பாய் என்றார் எரேமியா. பாபிலோனுக்குக் கொண்டுபோவேன், ஆனாலும் அவன் அதைக் காணாமல் அங்கே சாவான் என்றது எசேக்கியேல் 12. இரண்டு தீர்க்கதரிசிகளும் ஒத்துப்போகவில்லை என்று நினைத்துச் சிதேக்கியா இருவரையும் நம்பாமல் விட்டான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

நகரத்தின் மதிலில் திறப்புக் கண்டதும் ராஜா இரவில் தப்பி ஓடி, எரிகோவின் சமனான பூமியில் பிடிபட்டான். வடக்கே ரிப்லாவுக்குக் கொண்டுபோனார்கள். நேபுகாத்நேச்சாரை அங்கே கண்ணாரக் கண்டான். பிறகு பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டினார்கள். அதுவே அவன் கடைசியாகக் கண்ட காட்சி. கண்களைக் குருடாக்கி விலங்கு போட்டுப் பாபிலோனுக்கு நடத்தினார்கள்.

இதைத் "தீர்க்கதரிசனம் எவ்வளவு துல்லியம் பாருங்கள்!" என்று உற்சாகமாகச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். என்னால் அந்த உற்சாகத்தில் சேர முடியவில்லை. எரேமியாவே இதைத் தடுக்கக் கடைசிவரை மன்றாடினார். 38ஆம் அதிகாரத்தில், நீ போய்ச் சரணடைந்தால் உயிர் பிழைப்பாய், நகரமும் எரியாது என்று ராஜாவிடம் இரகசியமாகக் கெஞ்சுகிறார். ராஜாவுக்கும் மனதில் இடம் இருந்தது, பிரபுக்களுக்குப் பயந்தான்.

அந்தக் காலத்தில் உண்மைத் தீர்க்கதரிசி யார், பொய்யன் யார் என்று ஜனங்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சுலபமாக இல்லை. எரேமியா 28ஐப் பாருங்கள். எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு தேவாலயத்துக்கு வருகிறார். அனனியா என்ற தீர்க்கதரிசி "கர்த்தர் சொல்லுகிறார்" என்ற அதே வாசகத்தோடு எழும்பி, இரண்டு வருஷத்தில் எகொனியா ராஜா திரும்பி வருவார் என்கிறான். எரேமியாவின் முதல் பதில்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் ஆசை. தன் ஜனம் அழிய வேண்டும் என்று விரும்பியவர் அல்லர் அவர். அனனியா நுகத்தை உடைத்தபோதும் அவர் சண்டை போடாமல் தன் வழியே போனார். பிறகுதான் இருப்பு நுகத்தைப் பற்றிய வார்த்தையோடு திரும்பி வந்தார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்தான்.

இன்னொரு பாடம் 26ஆம் அதிகாரத்தில் உண்டு. எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிட்டபோது மூப்பர் சிலர் எழும்பி, நூறு ஆண்டுக்கு முந்தைய மீகாவை நினைவூட்டினார்கள். எருசலேம் மண்மேடாகும் என்றார் மீகா. எசேக்கியா ராஜா கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான். அது அப்போது நடக்கவில்லை. அதற்காக மீகாவை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை. எச்சரிக்கை வேலை செய்தது என்று புரிந்துகொண்டார்கள்.

எல்லாம் நடந்து முடிந்தபின் எழுதிச் சேர்த்தவை என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்களே?

இந்த நூல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எரேமியாவின் கிரேக்க மொழிபெயர்ப்பு, நம் கையில் உள்ள எபிரெயப் பாடத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் அந்தச் சிறிய பாடத்தை ஒத்த எபிரெயத் துணுக்குகளும் கிடைத்தன. தாவீதுக்கு ஒருவன் இல்லாமற்போவதில்லை என்ற எரேமியா 33:14-26 பகுதி கிரேக்கத்தில் இல்லை. அந்த வாக்கு பிற்காலத்தார் சேர்த்தது என்று பலர் கருதுவது இதனால்தான்.

மறுபக்கமும் பாருங்கள். யோயாக்கீம் கழுதை புதைக்கப்படுவதுபோல் புதைக்கப்படுவான் என்கிறது எரேமியா 22. 2 இராஜாக்கள் 24 அவன் தன் பிதாக்களோடே நித்திரையடைந்தான் என்று மட்டும் சொல்கிறது. எல்லாவற்றையும் பின்னால் உட்கார்ந்து சரிக்கட்டியவர்கள் என்றால் இதையும் ஒட்டவைத்திருப்பார்களே! ஒட்டாததை ஒட்டாதபடியே விட்டுவைத்தவர்களின் கையெழுத்தை நான் நம்புகிறேன்.

தொல்லியலில் ஆதாரம் உண்டா?

உண்டு. பாபிலோனியக் களிமண் நாளாகமம் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபுகாத்நேச்சாரின் ஏழாம் ஆண்டில், ஆதார் மாதம் இரண்டாம் நாளில் யூதாவின் நகரத்தைப் பிடித்து, ராஜாவைக் கைதுசெய்து, தன் மனதுக்கேற்ற ராஜாவை ஏற்படுத்தியதாகச் சொல்கிறது. நம் கணக்கில் அது கி.மு. 597 மார்ச் 16. பெயர் சொல்லாவிட்டாலும் அவர்கள் யோயாக்கீனும் சிதேக்கியாவும்தான்.

லாகீசில் 1935இல் கிடைத்த ஓட்டுச்சில்லுக் கடிதங்களில் ஒன்றில், லாகீசின் அடையாளத் தீயைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று ஒரு படைவீரர் எழுதுகிறார். எரேமியா 34:7 யூதாவில் மிஞ்சிய அரணான பட்டணங்கள் என்று சொல்வது இந்த இரண்டையும்தான். அடிமைகளைத் திரும்பப் பிடித்த அதே அதிகாரம்.

1993இல் வடக்கே தாண் மேட்டில் கண்டெடுத்த அரமேயக் கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்ற சொல் இருக்கிறது. வேதத்துக்கு வெளியே அந்த வம்சத்தின் பெயரைச் சொல்லும் பழைய சான்று. எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது இன்னொன்று, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

"இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள்" என்று கோனியாவைச் சபித்தார் தேவன். அப்படியானால் அவன் வழியில் இயேசு எப்படி?

முதலில் அந்தச் சாபத்தைக் கவனமாகப் படிப்போம். எரேமியா 22இன் கடைசியில் கோனியா தேவனுடைய வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறியப்படுவான் என்று வருகிறது. பிறகுதான் "எழுதுங்கள்" என்ற கட்டளை. இது வம்சப் பதிவேட்டின் பேச்சு. பிள்ளை பிறக்காது என்பது பொருளன்று. அரியணைக்கு வாரிசு இல்லாதவனாகப் பதிவுசெய் என்பதே பொருள். அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்து யூதாவில் ஆளமாட்டான் என்று அடுத்த வரியே விளக்குகிறது.

பாபிலோன் அரண்மனையில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் எண்ணெய்ப் படிக் கணக்கு இருக்கிறது. கி.மு. 592ஐச் சேர்ந்த பலகையும் அவற்றில் உண்டு. "யூதாவின் ராஜா யாவு-கீனு"வுக்கு இவ்வளவு, "யூதா ராஜாவின் ஐந்து குமாரருக்கு" இவ்வளவு. ஒரு பதிவேட்டில் சந்தானமற்றவன், இன்னொரு பதிவேட்டில் ஐந்து பிள்ளைகளுக்குப் படி. இரண்டும் மெய். நாடு போனபிறகும் பகைவனின் குமாஸ்தா அவரை ராஜா என்றே எழுதியதைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இனி சாபம் என்னவாயிற்று? கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி எழும்பி, யோயாக்கீனின் பேரன் செருபாபேலைப் பார்த்து "உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன்" என்கிறார். அதே உவமை, அதே குடும்பம். எறிந்த மோதிரத்தைத் தேவன் திரும்ப எடுக்கிறார். யூத ரபீமார் சிறையில் எகொனியா மனந்திரும்பினான், சாபம் நீங்கியது என்று போதித்தார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மீகா விஷயத்தில் மூப்பர் புரிந்துகொண்டதும் அப்படித்தானே.

மத்தேயு 1 எகொனியா வழியாக வருகிறது. லூக்கா 3 தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக வருகிறது. லூக்கா தருவது மரியாளின் வம்சம், ஆகவே சாபம் தொடவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் லூக்கா அப்படிச் சொல்லவில்லை. இரு பட்டியல்களும் சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இடத்தில் சேர்ந்தும் விடுகின்றன. (ஆகாயின் செருபாபேலும் மத்தேயுவின் சொரொபாபேலும் ஒருவரே.) மத்தேயு எகொனியாவை ஒளிக்கவில்லை. பெயரையும் சிறையிருப்பையும் வெளிப்படையாக எழுதிவிட்டு மேலே போகிறார். அவருக்கு அது வெட்கமாக இல்லாதபோது நாம் ஏன் சுற்றுவழி தேடுகிறோம்?

சிறையிருப்பிலிருந்து திரும்பியபின் ஏன் ராஜா வரவில்லை?

பெர்சியா விடவில்லை என்பது நேரடியான பதில். செருபாபேல் அதிபதிதான், ராஜா அல்லர். தேவாலயம் கி.மு. 515இல் கட்டி முடிந்தபோது அவர் பெயர் கதையில் இல்லை. என்ன ஆனார் என்று வேதம் சொல்லவில்லை. சகரியா 6இல் கிரீடம் செய்து பிரதான ஆசாரியன் யோசுவாவின் தலையில் வைக்கிறார்கள். பிறகு அதைத் தேவாலயத்தில் நினைவுக்குறியாக வைத்துவிடுகிறார்கள். ராஜாவுக்காகக் காத்திருக்கும் கிரீடம்.

இன்னொரு பதில் எசேக்கியேல் 40-48இல் கிடைக்கிறது. அவர் காணும் புதிய ஒழுங்கில் ஆள்பவனை ராஜா என்பதைவிட "அதிபதி" என்றே திரும்பத் திரும்ப அழைக்கிறார். அவனுக்கு நிலம் அளந்து கொடுக்கிறார், எதற்கு? ஜனங்களின் நிலத்தைப் பிடுங்காமல் இருப்பதற்கு. படியும் தராசும் சரியாக இருக்க வேண்டும் என்கிறார். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா பிடுங்கிய கதையை அறிந்த ஒருவர் வரைந்த திட்டம் அது.

பின்னர் மக்கபேயர் குடும்பம் எழும்பியது. கி.மு. 140இல் சீமோனைத் தலைவராக ஏற்றபோது, நம்பத்தக்க தீர்க்கதரிசி ஒருவர் எழும்பும்வரை என்று ஜனங்கள் ஒரு வரி சேர்த்தார்கள் (கத்தோலிக்க விவிலியத்தில் 1 மக்கபேயர் 14). அந்த வரியின் அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்த தலைமுறைகள் காத்திருக்கவில்லை. கி.மு. 104இல் அரிஸ்தோபுலு ராஜமுடி தரித்துக்கொண்டதாக யோசேபஸ் எழுதுகிறார். அவர்கள் லேவி கோத்திரத்து ஆசாரியர்கள், தாவீதின் வம்சம் அல்லர். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைந்தான், கி.மு. 40இல் ரோம செனட் ஏதோமிய வழியில் வந்த ஏரோதை ராஜாவாக அறிவித்தது.

"சமாதான கர்த்தர் வருமளவும் செங்கோல் யூதாவைவிட்டு நீங்குவதும் இல்லை" என்கிறதே ஆதியாகமம் 49:10. ஆனால் நீங்கிவிட்டதே?

எபிரெயத்தில் அங்கே இருப்பது "ஷீலோ" என்ற புரியாத சொல். ஊரின் பெயரா, "அவனுக்குரியது" என்று பொருளா, "அவனுக்குக் காணிக்கை" என்று பிரிக்க வேண்டுமா என்று இன்றும் வாதிக்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு ஒரு விளக்கத்தைத் தேர்ந்தெடுத்து "சமாதான கர்த்தர்" என்று வைத்துவிட்டது. அழகான தேர்வு, ஆனால் தேர்வுதான். தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு இதில் கேள்வியே இருப்பது தெரியாது.

செங்கோல் ஏரோது காலத்தில்தான் யூதாவைவிட்டு நீங்கியது, உடனே இயேசு வந்தார் என்ற பழைய விளக்கம் சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே உண்டு. எனக்கு அது இடிக்கிறது. யூதா கோத்திரத்து ராஜா இல்லாமல் அதற்குள் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. யூத ரபீமாரின் போதனைத் தொகுப்பான தல்மூத் வேறு வழியில் போகிறது: பாபிலோனில் யூதர்களுக்குத் தலைவர்களாக இருந்த தாவீது வழியினரையே அந்தச் செங்கோல் குறிக்கிறது என்கிறது.

எசேக்கியேல் 21இல் சிதேக்கியாவிடம் பாகையைக் கழற்று, கிரீடத்தை எடு என்று சொல்லும் தீர்க்கதரிசி, "உரிமைக்காரனானவர் வருமட்டும் அது இல்லாதிருக்கும்" என்கிறார். ஆதியாகமத்தின் அந்தச் சொல்லை அவர் எதிரொலிக்கிறார் என்று பலர் கருதுகிறார்கள். அப்படிப் படித்தால் இடைவெளியே வாக்குக்குள் வந்துவிடுகிறது. ஓசியா 3:4-5ம் அதையே சொன்னது: அநேக நாள் ராஜா இல்லாமலும் அதிபதி இல்லாமலும் இருப்பார்கள், பிறகு தாவீதைத் தேடுவார்கள். கிறிஸ்தவனாகிய நான் அந்த உரிமைக்காரரை நாசரேத்து இயேசுவில் காண்கிறேன். என் வாசிப்பு அது, மறைக்கவில்லை.

எரேமியா ராஜகுமாரத்திகளை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார், இங்கிலாந்து அரியணையே தாவீதின் அரியணை என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

ராஜகுமாரத்திகளும் எரேமியாவும் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டது வரை வேதத்தில் இருக்கிறது (எரேமியா 43). எகிப்தைத் தாண்டிப் போனதாக ஒரு வரியும் இல்லை. முடிசூட்டு நாற்காலியின் கீழ் வைக்கும் கல் யாக்கோபின் தலையணைக் கல் என்பார்கள். அது ஸ்காட்லாந்தில் ஸ்கோன் பகுதியின் மணற்கல் என்று புவியியலார் காட்டிவிட்டார்கள்.

அரசாட்சி போனது, தேவன் யூதர்களைத் தள்ளிவிட்டதற்கு அடையாளமா?

இல்லை. இந்தத் தீர்க்கதரிசனங்களை அப்படிப் பயன்படுத்தியதால் ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டு இரத்தம் சிந்தியது என்று நமக்குத் தெரியும். ஓசியாவும் எரேமியாவும் எசேக்கியேலும் யூதர்கள், தங்கள் சொந்த ஜனத்துக்காக அழுதவர்கள். தன் வீட்டைக் கடிந்துகொண்ட ஒருவரின் சொல்லை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரன் அந்த வீட்டின்மேல் கல்லாக எறியக் கூடாது. தாவீதோடு செய்த உடன்படிக்கையை முறிப்பது பகலையும் இரவையும் நிறுத்துவதுபோல் என்று எரேமியா 33 சொல்கிறது. ரோமர் 11இல் பவுலின் பதிலும் ஒரே சொல்லில் "அப்படியல்லவே" என்பதுதான்.

கெதலியா கொலையுண்ட நாளை யூதர்கள் இன்றும் திஷ்ரி 3இல் உபவாசமாக அனுசரிக்கிறார்கள். அவர் ராஜா அல்லர், பாபிலோன் வைத்த அதிகாரி. எரேமியாவைக் காப்பாற்றிய அகீக்காமின் மகன். மிஸ்பாவில் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரைக் கொன்ற இஸ்மவேல் ராஜவம்சத்தான். அரியணைக் குடும்பத்தின் கையாலேயே மிஞ்சிய நிழலும் போயிற்று. அதற்காக 2,500 ஆண்டுகளுக்குப் பிறகும் பசித்திருக்கும் ஜனத்துக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

2 இராஜாக்கள் 24, 25இல் தொடங்குங்கள். ஒரே இருப்பில் முடிந்துவிடும். கடைசி நான்கு வசனங்களில் நில்லுங்கள். 37 ஆண்டுச் சிறைக்குப் பின் பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் யோயாக்கீனை வெளியே கொண்டுவந்து, சிறை வஸ்திரங்களை மாற்றி, தன் மேசையில் சாப்பிட வைக்கிறான். ராஜாக்களின் புத்தகம் அவ்வளவு தான், ஒரு விளக்கமும் சொல்லாமல் முடிகிறது. பிறகு எரேமியா 22, 34, 28 என்ற வரிசையில் போங்கள். எரேமியா புத்தகம் கால வரிசையில் இல்லை என்பதால் ராஜாவின் பெயரைப் பார்த்துப் பார்த்துப் படியுங்கள். அதன்பின் ஆகாய் 2.

சங்கீதம் 89ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 52ஆம் வசனம் சங்கீதங்களின் மூன்றாம் பகுதியை முடிக்கும் ஸ்தோத்திரம். பாட்டு 51லேயே, புலம்பலோடு நிற்கிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, 90ஐ மறுநாள் படியுங்கள்.